முதலில் எவருடைய உடல்?

பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடகோடியில், அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, ஊரூர் ஒல்காட் குப்பம் அமைந்துள்ளது. ஒருபுறம் பிரம்மஞான சபையின் மரச்செறிவு. மறுபுறம் அடுக்குமாடி வீடுகள். நடுவே படகுகளும் வலைகளும் மீன்கூடைகளும். தெற்கே நடந்தால் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் அங்குக் கொடியேறும்போது காவியுடுத்து நடந்து வரும் பல்லாயிரவரில் நாமும் இருக்கிறோம். ஆனால் திருத்தலத்திலிருந்து சிறிது தொலைவே உள்ள இந்தக் குப்பத்தின் சந்துகளுக்குள் நம்மில் எத்தனை பேர் கால் வைத்திருப்போம்?

பங்கின் நோயாளர் சந்திப்புக் குழுவினரோடு அண்மையில் அங்கு ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். வீட்டுக்காரர் மீனவர், சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, வாரத்திற்கு இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். இரண்டாண்டுகளாகக் கடலுக்குப் போகவில்லை. மனைவி மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறார். நாங்கள் செபித்து எழும் நேரத்தில் அவர் கேட்டார்: “சார், பன்னியோட கிட்னிய மனுசனுக்கு வெக்கிறாங்களாமே, டீவில சொன்னாங்க. அது இங்க எப்ப சார் வரும்? வந்தா எங்க வீட்டுக்காரரு பேர மொதல்ல எழுதிக்குவாங்களா?”

கணவர் பாயில் படுத்தபடியே சொன்னார்: “எதுல வேணாலும் கையெழுத்துப் போடறேன் சார். படிச்சுப் பாக்கக்கூட வேணாம்.”

மனைவியின் கேள்விக்கு மருத்துவர் ஒருவர் விடை சொல்லிவிடுவார். கணவரின் சொற்களுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். விலங்கின் உறுப்பை மனிதனுக்குப் பொருத்துவது சரியா தவறா என்னும் விவாதத்தில் பன்றியைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. படிக்காமலே கையெழுத்திட அணியமாய் இருக்கும் இந்த மனிதரைப் பற்றிப் பேசுவார் எவரையும் காணோம். அந்தக் குறையைச் சுட்டவே இதை எழுதுகிறேன்.

தீட்டு என்னும் தவறான கேள்வி

முதலில் ஓர் எதிர்ப்பை ஒதுக்கிவிடுவோம். “பன்றியின் உறுப்பைத் தாங்கும் உடல் இறைச்சாயல் ஆகுமா?” என்று நம்மவரிடையே பக்தியுள்ள சிலர் கேட்கின்றனர். கேள்வியின் பின்னே இருப்பது அருவருப்பு, இறையியல் அன்று. மனித இன்சுலின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டு 1980-களில் விற்பனைக்கு வரும் வரை, பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்த இன்சுலினே நீரிழிவு நோயாளிகளைக் காத்தது. இரத்தம் உறையாதிருக்க மருத்துவமனைகளில் செலுத்தும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. பதப்படுத்திய பன்றி இதய வால்வோடு திருப்பலிக்கு வந்து நற்கருணை பெறுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய ஆன்மா எவ்விதத்தில் குறைந்துவிட்டது? மனிதனை மாசுபடுத்துவது வெளியிலிருந்து உள்ளே செல்வதன்று என்று ஆண்டவர் கற்பித்ததை நாம் மறக்கலாகாது.

திருச்சபையும் இதில் தெளிவாகவே இருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956 மே 14-இல் கருவிழிக் கொடையாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஆற்றிய உரையில், விலங்கின் இனப்பெருக்கச் சுரப்பிகளை மனிதனுக்குப் பொருத்துவதை மறுத்தார். விலங்கின் கருவிழியைப் பொருத்துவது மருத்துவ முறைப்படி இயலுமாயின் அறநெறித் தடை இல்லை என்றார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000-ஆம் ஆண்டு, நம் திருத்தலத்தில் கொடியேறும் அதே ஆகஸ்டு 29-ஆம் நாள், உறுப்பு மாற்று வல்லுநர்களின் உலக மாநாட்டில் இதனை நினைவூட்டி இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார். பொருத்தப்படும் உறுப்பு, பெறுபவரின் உளவியல், மரபியல் தனித்தன்மையைச் சிதைக்கக் கூடாது. வெற்றிக்கான வாய்ப்பு மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பெறுபவரை அளவுமீறிய ஆபத்திற்கு உட்படுத்தவும் கூடாது.

முதல் நிபந்தனையைப் பற்றி மேடைகளில் முழங்குகிறோம். சிறுநீரகமோ இதயமோ ஒருவருடைய தனித்தன்மையை மாற்றுவதில்லையாதலால், அந்த முழக்கத்திற்கு இன்று வேலையும் இல்லை. இரண்டாவது நிபந்தனையே இன்று நம் வாசலில் வந்து நிற்கிறது. அளவுமீறிய ஆபத்து எவர்மீது சுமத்தப்படுகிறது?

முதல் உடல்களின் வரலாறு

1963-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் கீத் ரீம்ட்ஸ்மா என்னும் அறுவை மருத்துவர் சிம்பன்சிக் குரங்கின் சிறுநீரகங்களை மனிதருக்குப் பொருத்தத் தொடங்கினார். அவற்றை முதலில் பெற்றவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கறுப்பினத் தொழிலாளி ஒருவர். இரண்டு மாதங்களில் இறந்தார். இம்முறையில் சிகிச்சை பெற்ற 13 பேரில் ஒரே ஒருவர் ஒன்பது மாதங்கள் வாழ்ந்தார்.

1964 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஜேம்ஸ் ஹார்டி, சிம்பன்சியின் இதயத்தை 68 வயது மனிதர் ஒருவருக்குப் பொருத்தினார். அந்த ஏழை முதியவர் காது கேளாதவர், வாய் பேசாதவர். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது உணர்விழந்திருந்தார். உறவினர் ஒருவர் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார். அத்தாளில் விலங்கின் இதயம் என்ற சொல்லே இல்லை. பொருத்திய இதயம் இரண்டு மணி நேரம்கூடத் துடிக்கவில்லை.

1984 அக்டோபரில் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில், பிறந்து 12 நாளே ஆன பெண் குழந்தைக்குப் பபூன் குரங்கின் இதயம் பொருத்தப்பட்டது. குழந்தை மேலும் 20 நாள் வாழ்ந்தது. மனிதக் குழந்தை ஒன்றின் இதயம் கிடைக்குமா என்று முதலில் தேடவே இல்லை என்னும் குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது.

துறைமுகக் கூலி, பேச இயலாத ஏழை, பேச்சே வராத பச்சிளங்குழந்தை. இம்மருத்துவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. சாவின் விளிம்பில் இருந்தவர்களைக் காக்கவே முயன்றனர். அவர்கள் கண்டறிந்தவற்றால் பின்வந்தோர் பயனும் பெற்றனர். ஆயினும் கேட்கிறேன்: “வேண்டாம்” என்று சொல்லக்கூடிய வலிமை உடையவர் ஒருவரும் இந்த வரிசையின் முன்னே நிற்கவில்லையே, ஏன்?

சோனாப்பூர் தரும் பாடம்

இது அயல்நாட்டுக் கதை என்று கடந்துபோக நமக்கு உரிமை இல்லை. 1997 ஜனவரி முதல் நாள், அசாமில் கௌகாத்தியை அடுத்த சோனாப்பூரில், மருத்துவர் தனிராம் பருவா, ஹாங்காங்கிலிருந்து வந்த அறுவை மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து, 32 வயது இளைஞர் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். பிறவியிலேயே இதயத்தில் துளை உள்ளவர் அந்த இளைஞர். ஏழு நாட்களில் நோய்த்தொற்றினால் இறந்தார். மருத்துவர்கள் கைதாகி 40 நாள் சிறையில் இருந்தனர். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி அந்நிறுவனம் பதிவு பெறவே இல்லை என்றும், செயல்முறை அறநெறிக்கு மாறானது என்றும் அசாம் அரசின் விசாரணை கண்டது.

2022-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் டேவிட் பென்னட் என்பவருக்குப் பன்றியின் இதயம் பொருத்தப்பட்டபோது, “பார்த்தீர்களா, நம்மவர் 25 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார், நாம்தான் அவரைச் சிறையில் அடைத்தோம்” என்று பெருமையும் ஏக்கமும் கலந்த குரல்கள் நம் நாட்டில் கேட்டன. இந்தப் பெருமையை என்னால் ஏற்க முடியவில்லை. பால்டிமோரில் பன்றியின் மரபணுக்களில் பத்து மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன: நான்கு செயலற்றதாக்கப்பட்டன, ஆறு மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டன. பன்றியின் திசுவில் உள்ள ஒருவகைச் சர்க்கரையை நம் உடல் பகையாகக் கண்டு நிமிடங்களில் தாக்கும் என்பதால் இவை தேவைப்பட்டன. 2021 டிசம்பர் 31-இல் அரசின் கட்டுப்பாட்டு நிறுவனம் தனி அனுமதி வழங்கிய பின்னரே, 2022 ஜனவரி 7-இல் அறுவை நடந்தது. சோனாப்பூரில் புத்தாண்டு நாளில் அனுமதி வழங்கியவர் எவர்? இடர்களை எடைபோட்டவர் எவர்? சிறைத் தண்டனை மிகையா என்பது வேறு வினா. கேட்பாரின்றி ஓர் உயிரின்மேல் சோதனை நடந்தது என்பதில் பெருமைக்கு இடமே இல்லை.

அனுமதி பெற்றுச் செய்த இடத்திலும் எல்லாம் நலமாக முடிந்துவிடவில்லை. பென்னட் இரண்டு மாதங்களில், மார்ச் 8-இல், இறந்தார். பன்றிகளைத் தாக்கும் ஒரு வைரஸ், சோதனைகளின் கண்ணில் படாமல் அந்த இதயத்தோடு அவர் உடலுக்குள் சென்றிருந்தது பின்னர்த் தெரியவந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் 69 மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் சிறுநீரகத்தைப் பெற்றவர் மே மாதத்தில் இறந்தார். இறப்புக்குச் சிறுநீரகம் காரணம் என்பதற்கான அறிகுறி இல்லை என்று மருத்துவமனை அறிவித்தது. 2024 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு பெண்மணி பெற்ற சிறுநீரகம் 130 நாள் உழைத்தபின் அகற்றப்பட்டது. 2025 ஜனவரியில் இன்னொருவர் பெற்றது 271 நாள் உழைத்தது. நாட்கள் கூடுகின்றன; மறுக்கவில்லை. குப்பத்துத் தாயின் நம்பிக்கை மூடநம்பிக்கை அன்று. ஆயினும் 271 நாள் என்பது ஒரு முழு ஆண்டுகூட இல்லை.

“ஏழைகள் பிழைப்பார்கள்” என்னும் வாதம்

இனி, என்னைப் பெரிதும் சினங்கொள்ளச் செய்யும் வாதத்திற்கு வருகிறேன். “பன்றியின் சிறுநீரகம் வந்துவிட்டால் ஏழைகள் தம் சிறுநீரகத்தை விற்கும் அவலம் ஒழியும்; எனவே அறநெறி பேசித் தாமதப்படுத்தாதீர்கள்” என்கிறார்கள் படித்தவர்கள். ஏழைகளின்மேல் இத்துணை அக்கறை இவர்களுக்கு எப்போது வந்தது?

சென்னையின் வில்லிவாக்கம் “கிட்னிவாக்கம்” என்று இழிபெயர் பெற்ற காலத்தை நாம் அறிவோம். சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் 2001-இல் நேர்கண்டு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2002-இல் வெளியான ஆய்வு சொல்வதென்ன? அவர்களில் 96 விழுக்காட்டினர் கடன் அடைக்கவே விற்றனர். கடனுக்காக விற்றவர்களில் 74 விழுக்காட்டினர் ஆய்வின்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. “மற்றவர்க்கு இதைப் பரிந்துரைப்பீர்களா?” என்று கேட்டபோது 79 விழுக்காட்டினர் “மாட்டோம்” என்றனர்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியது. வடசென்னை மீனவர் பலர் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்டனர். கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, தொழிலிழந்து, கடனில் மூழ்கிய அக்குடும்பங்களின் பெண்கள் பலர் தம் சிறுநீரகங்களை விற்ற செய்தி 2007-இல் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அதிர்ச்சி சில வாரங்களில் அடங்கிற்று. 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் அதே வணிகம் நடந்தது வெளிப்பட்டது. சட்டம் வந்து 30 ஆண்டுகளுக்குப் பின்னும் இதுதான் நிலை.

இந்த வணிகத்தை ஓட்டியது உறுப்புகளின் பற்றாக்குறை மட்டும் எனில், பன்றி வந்து தீர்த்துவைக்கலாம். அதை ஓட்டியது கடன். கடனாளியின் கையெழுத்து மலிவானது என்னும் உண்மை. விற்பதற்குச் சிறுநீரகம் தேவைப்படாத நாளில், சோதனைக்கு உடல் தேவைப்படும். அதே தெருவிற்கு அதே தரகர் வருவார். கையிலிருக்கும் தாள் மட்டும் மாறியிருக்கும். “படிச்சுப் பாக்கக்கூட வேணாம்” என்று அந்த மீனவர் சொன்னபோது எனக்கு எர்ணாவூர் நினைவு வந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நோய்க்கிருமி அணுகாத கூடங்களில் வளர்த்த பன்றி, மரபணுத் திருத்தம், வாழ்நாள் முழுவதும் மருந்து, இடைவிடாத கண்காணிப்பு: இவையெல்லாம் எவருக்கு எட்டும் விலையில் வரும்? சோதனைக் காலத்தில் வரிசையின் தலையில் நிற்கும் குப்பம், வெற்றிக் காலத்தில் வரிசையின் வாலுக்குத் தள்ளப்படும். இதற்கு அறிவியல் முன்னேற்றம் என்று பெயரிட்டுக் கைதட்ட நம்மால் இயலுமா?

தெருவின் ஒப்புதல்

விலங்கு உறுப்பு மாற்றில் வேறெந்தச் சிகிச்சையிலும் அரிதான ஒரு சிக்கல் உண்டு. பன்றியின் மரபணுக்களுக்குள்ளேயே வைரஸ்கள் உறைந்துள்ளன. பாஸ்டன் பன்றியின் 69 மாற்றங்களில் 59 அவற்றை முடக்கவே செய்யப்பட்டன. இவை மனிதரிடையே பரவியதாக இதுவரை அறியப்படவில்லை. ஆனால் பரவினால், தீங்கு நோயாளியோடு நில்லாது. எனவேதான் வாழ்வுக்கான திருத்தந்தையின் கல்விக் கழகம் 2001-இல் வெளியிட்ட ஏட்டில், நோயாளி வாழ்நாள் கண்காணிப்பை முன்னறிந்து ஏற்க வேண்டுமென வலியுறுத்தியது.

அப்படியாயின் ஒப்புதல் தரவேண்டியவர் நோயாளி ஒருவர் மட்டுமா? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரே குழாயடி, ஒரே படகில் தோளோடு தோள் உரசும் உழைப்பு. அவருடைய ஆபத்து அவர் தெருவின் ஆபத்து. வலை, படகு, திருவிழா எனப் பொதுக் காரியங்களை ஊர்கூடி முடிவு செய்யும் மரபு மீனவருக்கு உண்டு. அந்த மரபின்முன் மருத்துவ உலகம் வந்து நின்று, எளிய தமிழில் விளக்கி, கேள்விகளுக்கு விடை தர வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளின் அடியில் நடுங்கும் கையெழுத்து ஒன்றைப் பெறுவது ஒப்புதல் ஆகாது.

விலங்கையும் மறந்துவிடலாகாது. தேவையின்றி விலங்கைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண் என்பது நம் மறைக்கல்வியின் போதனை. உயிர்காக்க ஒரு பன்றியைப் பயன்படுத்தலாம் என ஏற்கிறேன். ஆனால் மண்ணும் வெயிலும் காணாமல் கூடத்திலேயே வளரும் அவ்வுயிரை வெறும் உதிரிபாகக் கிடங்காக எண்ணப் பழகிய மனம், அடுத்து எந்த உயிரை அவ்வாறு எண்ணும்? அடைக்கலான் குருவியையும் தந்தை மறப்பதில்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

நாம் செய்ய வேண்டியவை

“அப்படியாயின் அந்த மீனவரின் ஒரே நம்பிக்கையையும் பறிக்கிறீரா?” என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. நோயுற்ற ஏழையைச் சோதனையிலிருந்து விலக்கிவைப்பதும் ஒருவகை அநீதியாகலாம். நான் கேட்பது விலக்கு அன்று, நிபந்தனை. இத்தகைய ஆய்வு நம் நாட்டிற்கு வரும் நாளில், தடையற்ற டயாலிசிஸ் வசதியும் மனித உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலில் இடமும் உறுதிசெய்யப்பட்டவரிடம் மட்டுமே ஒப்புதல் கேட்கப்பட வேண்டும். வேறு வழியற்றவரின் “சரி” என்பது விடுதலையான விடை ஆகாது. அவர்க்கும் குடும்பத்திற்கும் வாழ்நாள் மருத்துவப் பொறுப்பு எழுத்தில் தரப்பட வேண்டும். அறநெறிக் குழுவில் அவருடைய மக்களில் ஒருவர் அமர வேண்டும். சோதனைக்கு உடல் தந்த மக்களுக்கு, வெற்றியின் பயன் விலையின்றிக் கிடைக்க வேண்டும்.

இவற்றை அரசிடமும் மருத்துவ உலகிடமும் கேட்குமுன், நம்மிடமே கேட்க ஒன்றுண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்தனர். அந்த ஆண்டு தொடங்கிய தமிழக உறுப்புக் கொடைத் திட்டம் நாட்டிற்கே முன்மாதிரி ஆயிற்று. 2023 முதல், உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என அரசு அறிவித்தது. உறுப்புக் கொடையை அன்பின் உயர்ந்த செயலாகத் திருச்சபை போற்றுகிறது. இருந்தும் நம் பங்குகளில் எத்தனை குடும்பங்கள் இதைப் பற்றி உணவு வேளையில் பேசியிருக்கின்றன? நம் இதயமும் சிறுநீரகமும் கீழ்ப்பாக்கத்துக் கல்லறையில் மண்ணாகட்டும், குப்பத்து மனிதர் பன்றிக்குக் காத்திருக்கட்டும் என்பதா நம் அறநெறி?

சென்ற ஞாயிறு மீண்டும் அந்த வீட்டிற்குப் போனேன். அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு என்ன கிடைக்கும், காத்திருப்புப் பட்டியலில் பதிவது எப்படி என்று விசாரித்து எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்தேன். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இதுவரை பதியப்படவே இல்லை; பதியலாம் என்று அவரிடம் சொன்னவரும் இல்லை. “இதுல எங்க சார் கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார். கையெழுத்து வேண்டாம், படித்துப் பாருங்கள் என்றேன். பள்ளியிலிருந்து வந்த அவர் மகள் தாளை வாங்கி, வரிவரியாகத் தந்தைக்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் இரண்டு முறை நிறுத்தி அவர் கேள்வி கேட்டார்.